அன்றாட உணவிலுள்ள கொழுப்பு

கொழுப்பைப் பற்றி நம் கிராமங்களில் விசாரித்தால் பெரும்பாலும் இருவகையான விடைகளே கிடைக்கின்றன. கொழுப்பு நோயைத் தருவதாகையால் அதனை அறவே நீக்க வேண்டுமென்பர் ஒரு சாரார். நெய்யும் எண்ணெயும் சேராத உணவு உணவாகுமோ என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. தாம் உண்பதில் எவ்வளவு கொழுப்பு இருக்கின்றதென்பதை இவர்களுள் எவரும் அளந்து பார்த்ததில்லை.

அளந்து பாராமையின் விளைவை ஒரே வீட்டிலேயே காணலாம். அலுவலகத்தில் நாள் முழுவதும் கதிரையில் அமர்ந்திருக்கும் தந்தை, மாலையிற் கடைப் பலகாரங்களை உண்டு, தம்மையறியாமலே தேவைக்கு மிஞ்சிய கொழுப்பை உட்கொள்கின்றார். அவ்வீட்டிற் பால் மறந்த குழந்தையோ வெறும் அரிசிக் கஞ்சியினால் வயிறு நிறைந்தும் நிறை கூடாமல் மெலிகின்றது. முதலாமவருக்குக் குறைக்க வேண்டியதை இரண்டாமவருக்குக் கூட்ட வேண்டும். இதனைச் செய்வதற்கு வைத்தியரின் துணை எப்பொழுதும் வேண்டியதில்லை. எந்தப் பொருளில் எவ்வளவு கொழுப்பு உள்ளதென்ற அறிவும், ஒரு மேசைக்கரண்டியும் போதும்.

கொழுப்பினாலாய பயன்

மாச்சத்து ஒரு கிராம் 4 கலோரி சக்தியைத் தருகின்றது. புரதமும் அவ்வளவே தரும். கொழுப்பு ஒரு கிராமோ 9 கலோரி தருகின்றது. சிறிய இடத்திற் பெரிய சக்தியை அடக்கி வைப்பதற்கு இயற்கை கண்ட வழி இதுவேயாம். எள்ளும் கச்சானும் தம் வித்துக்களில் எண்ணெயைச் சேர்த்து வைப்பதும், உழவுமாடு தன் தோலின் கீழ்க் கொழுப்பைச் சேர்த்து வைப்பதும் இக்காரணம் பற்றியே.

சக்தியைத் தருவதோடு கொழுப்பின் வேலை முடிந்துவிடுவதில்லை. ஏ, டி, ஈ, கே என்னும் விற்றமின்கள் கொழுப்பிலேயே கரைவன. முருங்கையிலை, பொன்னாங்காணி, பப்பாசிப்பழம், கரட் ஆகியவற்றிலுள்ள மஞ்சட் சத்தாகிய கரோற்றீன் நம் உடலிற் சேர்ந்து விற்றமின் ஏ ஆக மாறுவதற்கு அவ்வேளை உணவிற் சிறிதளவு கொழுப்பு இருத்தல் அவசியம். கீரையைத் தேங்காய்ப்பூ இட்டு வறையாக்கும் நம் பெண்களின் வழக்கம் இவ்வகையிற் சிறந்ததோர் ஏற்பாடாகும். கொழுப்பு நோய்க்கு அஞ்சிக் கீரையை வெறும் நீரில் அவித்து உண்பவர், கீரையின் பயனிற் பெரும்பகுதியை இழக்கின்றார். ஒரு தேக்கரண்டி எண்ணெயே இதற்குப் போதுமானது.

உடல் தானாக ஆக்கிக்கொள்ள இயலாத கொழுப்பமிலங்களும் சில உண்டு. 1929 ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான ஜோர்ஜ் பேர், மில்றெட் பேர் தம்பதியர், கொழுப்பு முற்றாக நீக்கப்பட்ட உணவையுண்ட எலிகள் தோல் நோயுற்று வளர்ச்சி குன்றியதைக் கண்டு, இவ்வுண்மையை வெளிப்படுத்தினர். இலங்கையிற் பணியாற்றிய வைத்தியர் லூசியஸ் நிக்கல்ஸ், போதிய ஊட்டமில்லாதவர்களின் தோல் தேரையின் தோல்போற் சொரசொரப்படைவதை 1933 இல் விவரித்து, அதற்குத் 'தேரைத் தோல்' எனப் பொருள்படும் பெயரொன்றையும் இட்டார். விற்றமின் ஏ குறைவும் இன்றியமையாக் கொழுப்பமிலங்களின் குறைவும் இந்நோய்க்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆகவே, கொழுப்பு அறவே வேண்டாமென்ற கூற்று ஏற்கத் தக்கதன்று.

கடதாசிச் சோதனை

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களிற் கொழுப்பைப் பற்றி எடுத்துரைக்கும்போது, எண்களைச் சொல்வதிலும் பார்க்க ஒரு கடதாசித் துண்டைக் காட்டுவது கூடிய பயனைத் தரும். மண்ணிறக் கடதாசியைச் சிறு சதுரங்களாக வெட்டிக்கொள்க. ஒவ்வொரு சதுரத்திலும் ஒவ்வோர் உணவை வைத்து நன்றாகத் தேய்க்க வேண்டும். அவித்த மரவள்ளி, சோறு, வாழைப்பழம், தேங்காய்ச் சொட்டு, எள், கச்சான், அவித்த முட்டையின் வெண்கரு, அதன் மஞ்சட்கரு, பிஸ்கற்று, பாண், முறுக்கு எனப் பலவற்றைத் தேர்ந்துகொள்ளலாம். பின்னர் உணவைத் தட்டி நீக்கிவிட்டு, கடதாசிகளை நிழலில் ஒரு மணி நேரம் உலரவிட வேண்டும்.

நீரினால் உண்டான கறை உலர்ந்து மறையும். கொழுப்பினால் உண்டான கறை மறையாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அவ்விடம் கண்ணாடிபோல் ஒளியைப் புகவிடும். மரவள்ளியும் வாழைப்பழமும் கறை விடுவதில்லை. முட்டையின் வெண்கரு விடாது, மஞ்சட்கரு விடும். பார்ப்பவர்களைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்துவது பிஸ்கற்றேயாகும். கையில் ஒட்டாத, காய்ந்த பண்டமொன்றில் இத்துணைக் கொழுப்பு ஒளிந்திருக்குமென எவரும் எதிர்பார்ப்பதில்லை. சாதாரண பிஸ்கற்றில் நூற்றுக்கு 10 பங்கிற்கு மேலும், நடுவிற் கிறீம் வைத்தவற்றில் நூற்றுக்கு 20 பங்களவும் கொழுப்பு உண்டு.

எண்ணெய், நெய், வெண்ணெய், மாஜரீன் என்பன கண்ணுக்குத் தெரியும் கொழுப்புக்கள். எண்ணெயும் நெய்யும் ஏறக்குறைய முழுவதும் கொழுப்பே. வெண்ணெயிலும் மாஜரீனிலும் நூற்றுக்கு 80 பங்களவு கொழுப்பு; மீதி பெரும்பாலும் நீர். கடதாசிச் சோதனையிற் புலப்படுவன மறைந்த கொழுப்புக்கள். நம்மைத் தவறான வழியிற் செலுத்துவன இவையே.

தேங்காய்

தென்னையை விடுத்து நம் நாட்டின் கொழுப்பைப் பற்றிப் பேசுதல் இயலாது. முற்றிய தேங்காயின் பச்சைப் பருப்பில் ஏறத்தாழ அரைப்பங்கு நீர். மூன்றிலொரு பங்கு கொழுப்பு. நீரை உலர்த்திக் கொப்பறாவாக்கினால், கொழுப்பு நூற்றுக்கு 60 முதல் 65 வரை உயர்கின்றது. ஒரு தொன் எண்ணெய் பெறுவதற்கு ஏறத்தாழ 8,000 தேங்காய் வேண்டுமென்பது இத்தொழிலிலுள்ளோர் கொள்ளும் கணக்கு. இதிலிருந்து ஒரு தேங்காயில் 125 கிராம் அளவு எண்ணெய் உண்டென அறிந்துகொள்ளலாம். அஃதாவது, சமையலறையில் ஒரு தேங்காயை உடைப்பதும், ஒன்பது மேசைக்கரண்டி எண்ணெயை எடுத்து வைப்பதும் ஏறக்குறைய ஒன்றே.

காய் முற்றாதவிடத்து இக்கணக்குப் பொருந்தாது. பருப்பிற் கொழுப்புச் சேர்வது கடைசி மாதங்களிலேயாம். இளநீரின் வழுக்கையிற் கொழுப்பு மிகக் குறைவு. இளநீரிலோ இல்லையென்றே கூறலாம். களவுக்கு அஞ்சியோ விலைக்கு ஆசைப்பட்டோ பத்தாம் மாதத்திற் காய் பறிப்போர், சுருங்கிய கொப்பறாவையும் குறைந்த எண்ணெயையுமே பெறுவர். பன்னிரண்டு மாதம் நிரம்பிய காயைப் பறித்துச் சில வாரம் நிழலில் வைத்து உடைப்பது நன்று.

சம்பலிலும் பிட்டிலும் தேங்காய்ப்பூவை முழுவதாக உண்கின்றோமாகையால் அதன் கொழுப்பு முழுவதும் வயிற்றிற் சேர்கின்றது. பால் பிழிந்து சொதி வைக்கும்போது அவ்வாறன்று. நீர் சேர்க்காமற் பிழிந்த முதற்பாலில் நூற்றுக்கு 25 பங்கிற்கு மேலாகவும் கொழுப்பு இருக்கலாம். நீர் சேர்த்துப் பிழியும் இரண்டாம் மூன்றாம் பால்களில் அது படிப்படியாகக் குறைகின்றது. சக்கையிலும் கணிசமான பகுதி தங்கிவிடுகின்றது. எனவே, சக்கையை வெளியே எறிதல் வீண் செலவு. கோழிகளுக்கும் ஆடுகளுக்கும் அன்றன்றே அதனைக் கொடுத்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தாற் புளித்துவிடும்.

தானியமும் பருப்பும் கிழங்கும்

இவற்றைப் பற்றி விரிவாகக் கூற வேண்டியதில்லை. தீட்டிய அரிசியில் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைந்த கொழுப்பே உண்டு. குரக்கனிலும் கோதுமை மாவிலும் ஒரு பங்கை அடுத்து இருக்கும். சோளத்தில் நான்கு, கம்பில் ஐந்து. பயறு, உழுந்து, துவரை ஆகியவற்றில் ஒன்று முதல் இரண்டு வரை, கடலையில் ஐந்து. மரவள்ளி, வற்றாளை, பலாக்காய், ஈரப்பலா, ஒடியல் ஆகியவற்றிற் பெயரளவிற்கே உண்டு. பழவகைகளில் வெண்ணெய்ப் பழமெனப்படும் அவக்காடோ ஒன்றே விதிவிலக்கு. அதில் நூற்றுக்கு 15 பங்களவு கொழுப்பு உண்டு. சோயா அவரை பருப்பினத்தைச் சேர்ந்ததாயினும் நூற்றுக்கு 20 பங்களவு கொழுப்புடையது. இதனாலேயே அதனை எண்ணெய் வித்தெனவும் வழங்குவர்.

அரிசியின் கொழுப்பு எங்கே போகின்றதெனின், தவிட்டோடு போகின்றது. தவிட்டில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை எண்ணெய் உண்டு. புழுங்கல் நெல்லின் தவிட்டில் இன்னும் கூடுதலாக இருக்கலாம். பச்சைநெல்லைக் குத்தி எடுத்த தவிடு சில நாட்களிலேயே காறல் மணம் வீசுவதைக் கமக்காரர் யாவரும் அறிவர். தவிட்டிலுள்ள நொதியம் ஒன்று எண்ணெயைப் பிரித்துவிடுவதே இதற்குக் காரணம். புழுக்கும்போது அந்நொதியம் செயலிழக்கின்றமையால், புழுங்கல் தவிடு சற்று நீடித்து நிற்கும். எவ்வாறாயினும் ஆலையிலிருந்து புதிய தவிட்டையே வாங்கி மாட்டிற்குக் கொடுக்க வேண்டும். காறிய தவிட்டை மாடு முகர்ந்துவிட்டு விலகுமாயின், பிழை மாட்டினதன்று.

எள்ளும் கச்சானும்

எள்ளில் ஏறத்தாழ அரைப்பங்கு எண்ணெய். கச்சானில் நூற்றுக்கு 40 முதல் 50 வரை. முந்திரியம் பருப்பிலும் அவ்வாறே. ஒரு பிடி கச்சான், அஃதாவது 30 கிராம் அளவு உண்பவர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை உட்கொண்டவராவார். ஆயின், அதனோடு ஏழு கிராமிற்கு மேற்பட்ட புரதமும் அவருக்குக் கிடைக்கின்றது. கடையில் விற்கும் பொரித்த மரவள்ளிச் சீவலை உண்பவருக்குக் கொழுப்பு மட்டுமே கிடைக்கின்றது. பாடசாலைப் பிள்ளைக்குக் காசைக் கையிற் கொடுத்து அனுப்புவதிலும் அவித்த கச்சானைப் பையில் இட்டு அனுப்புவதே மேல் என்பது இதனால் விளங்கும்.

சிறுபோகத்தில் வயல் வெறிதாகக் கிடக்கும் இடங்களில், குறிப்பாக வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளில், சித்திரை மழையின் ஈரத்தைக் கொண்டே எள் விதைத்து மூன்று மாதத்துக்குள் அறுவடை செய்யலாம். நெல்லுக்குப் பாய்ச்சும் நீரில் மிகச் சிறு பகுதியே அதற்குப் போதும். சந்தைக்கு முழுவதையும் கொடுத்துவிட்டு, அவ்விலையில் வேறு எண்ணெய் வாங்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. ஆண்டுக்கு வேண்டிய எள்ளை முதலில் வீட்டிற்கு ஒதுக்கிவிட்டு மீதியை விற்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். செக்கில் ஆட்டும்போது எண்ணெய் முழுவதும் வந்துவிடுவதில்லை. பிண்ணாக்கில் நூற்றுக்குப் பத்துப் பங்களவு தங்கும். கறவை மாட்டிற்கு அது நல்லுணவு.

கச்சானைப் பற்றி எச்சரிக்கை ஒன்று கூற வேண்டும். ஈரத்தோடு சாக்கிற் கட்டிய கச்சானிலும் கொப்பறாவிலும் பூஞ்சணம் பிடித்து, அபிளாநச்சு என்னும் கொடிய நஞ்சு உண்டாகின்றது. இந்நஞ்சு ஈரலைத் தாக்கிப் புற்றுநோயை விளைவிக்க வல்லது. வறுத்தாலும் அவித்தாலும் முற்றாக நீங்குவதில்லை. பூஞ்சணம் பிடித்த, நிறம் மாறிய, சுருங்கிய பருப்புக்களைத் தெரிந்து எறிந்துவிட வேண்டும், கால்நடைகளுக்கும் கொடுக்கலாகாது. கோது குலுங்கிச் சத்தமிடும் வரை வெயிலில் உலர்த்திய பின்னரே சாக்கில் இட வேண்டும்.

பால்

பசுப்பாலில் நூற்றுக்கு மூன்றரை முதல் நாலரை வரையும், எருமைப்பாலில் ஆறு முதல் எட்டு வரையும் கொழுப்பு உண்டு. எருமைத் தயிர் கத்தியால் வெட்டக்கூடிய அளவிற்கு இறுகுவதற்கு இக்கொழுப்பும் அதனிலுள்ள மிகுதியான புரதமுமே காரணம். ஆடை நீக்காத பால்மாவில் நூற்றுக்கு 26 பங்கு கொழுப்பு. ஆடை நீக்கியதில் ஒன்றரைப் பங்கும் இல்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் விலைக்குறைவைக் கருதி இரண்டாவதை வாங்குதல் தகாது. குடும்பத்தில் நிறை மிகுந்த பெரியவருக்கோ அதுவே ஏற்றது.

பாற்சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பைக் கணித்தே விலை தீர்மானிக்கப்படுகின்றமையால், பால் விற்கும் கமக்காரருக்கு இவ்விடயம் பணத்தோடு தொடர்புடையது. நூறாண்டிற்கு மேலாக வழக்கிலுள்ள கேபர் முறையில், கண்ணாடிக் குழாயொன்றில் 10 மில்லிலீற்றர் கந்தகவமிலமும் 10.75 மில்லிலீற்றர் பாலும் 1 மில்லிலீற்றர் அமைல் அற்ககோலும் இட்டுச் சுழற்றுவார்கள். அமிலம் புரதத்தைக் கரைத்துவிட, கொழுப்பு மட்டும் குழாயின் கழுத்தில் மஞ்சட் படலமாக மேலெழுந்து நிற்கும். அதன் உயரமே விகிதத்தைக் காட்டும்.

"தண்ணீர் ஒரு துளியும் சேர்க்கவில்லை; ஆயினும் கொழுப்புக் குறைவென்கின்றனர்" என்று முறையிடுவோர் பலர். இவர்கள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கறக்கத் தொடங்கும்போது வரும் பாலில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே கொழுப்பு உண்டு. மடியின் இறுதிப் பாலில் அது பலமடங்கு உயர்கின்றது. முதலிற் கறந்துவிட்டுக் கடைசிப் பாலைக் கன்றுக்கு விடுவோர், கொழுப்பு மிக்க பாலைக் கன்றுக்குக் கொடுத்து, மெலிந்த பாலை நிலையத்துக்குக் கொண்டு செல்கின்றனர். கன்றை முதலில் ஊட்டவிட்டு, பின்னர் மடியை முற்றாகக் கறந்தால் அளவுமானி வேறு விடையைக் காட்டும். பசும்புல்லையும் வைக்கோலையும் குறைத்துத் தவிட்டையும் கலப்புத் தீனியையும் மிகுதியாக இட்டாலும் பாலிற் கொழுப்புக் குறையும். நாரைச் செமிக்கும்போது உண்டாகும் பொருளிலிருந்தே பசு பெரும்பகுதிக் கொழுப்பை ஆக்குகின்றது.

முட்டை, மீன், இறைச்சி

ஒரு கோழிமுட்டையில் ஐந்து கிராம் அளவு கொழுப்பு உண்டு. அது முழுவதும் மஞ்சட்கருவிலேயாம். பருவமடைந்த பெண்பிள்ளைக்கு முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுக்கும் வழக்கத்தைச் சிலர் இக்காலத்தில் ஏளனம் செய்கின்றனர். வளர்ச்சி விரைவடையும் அப்பருவத்திற்குச் சக்தியும் புரதமும் இன்றியமையாக் கொழுப்பமிலமும் ஒருங்கே தரும் அவ்வுணவைக் கைவிட வேண்டிய காரணம் எமக்குப் புலப்படவில்லை. முட்டையைப் பச்சையாகக் கொடாது அவித்துக் கொடுத்தாற் போதும். சில நாட்களோடு நிறுத்தாமல் மாதந்தோறும் தொடர்வார்களாயின் இன்னும் நன்று.

சுறா, திருக்கை, இறால், நண்டு ஆகியவற்றில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே கொழுப்பு. சாளை, சூடை, கும்பளா போன்றவற்றிற் பருவத்திற்கேற்பக் கூடியும் குறைந்தும், நூற்றுக்கு ஐந்து பத்து வரையிலும் இருக்கும். இம்மீன்களின் கொழுப்பு, ஒமேகா-3 என்னும் நிரம்பாத வகையைச் சேர்ந்தது. இதயத்திற்கு நன்மை பயப்பது. கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சிக்கும் வேண்டப்படுவது. விலையுயர்ந்த மீனே சத்துடையதென்னும் எண்ணம் இங்கே பொய்யாகின்றது. தோலுரித்த கோழி நெஞ்சிறைச்சியில் நூற்றுக்கு மூன்று பங்கிற்கு உட்பட்ட கொழுப்பே உண்டு. தோலில் முப்பது பங்களவு உண்டு. ஆகவே, குறைக்க விரும்புவோர் தோலை நீக்கினாற் போதும்; கோழியை நீக்க வேண்டியதில்லை.

பொரித்த பண்டங்கள்

அவித்த உருளைக்கிழங்கிற் கொழுப்பு இல்லையென்றே கூறலாம். அதனை மெல்லிதாகச் சீவிப் பொரித்தால் 100 கிராமில் 35 கிராம் அளவு கொழுப்பு ஏறிவிடுகின்றது. கொதிக்கும் எண்ணெயிற் பண்டத்தின் நீர் ஆவியாகி வெளியேற, அவ்விடத்தை எண்ணெய் நிரப்புகின்றது. மெல்லிய பண்டம் கூடுதலாகக் குடிக்கும். தடித்தது குறைவாகக் குடிக்கும். எண்ணெய் போதிய அளவு சூடேறுமுன் இட்டாலும் மிகுதியாகக் குடிக்கும்.

உங்கள் வீட்டு வடை எவ்வளவு குடிக்கின்றது என்பதை நீங்களே கண்டறியலாம். சட்டியில் ஊற்றும் எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். பொரித்து முடிந்து ஆறியபின் மிஞ்சியதை மீண்டும் அளவுங்கள். 400 மில்லிலீற்றர் ஊற்றி, 30 வடை சுட்டபின் 250 மில்லிலீற்றர் மிஞ்சியதென வைத்துக்கொள்வோம். 150 மில்லிலீற்றர் எண்ணெய் 30 வடைகளுக்குள் போயிற்று; அஃதாவது வடை ஒன்றிற்கு ஒரு தேக்கரண்டி. உழுந்தின் கொழுப்பு அதனோடு ஒப்பிடுகையில் ஒன்றுமில்லை. மாலைத் தேநீரோடு நான்கு வடை உண்பவர் நான்கு தேக்கரண்டி எண்ணெயைக் குடிப்பவராவார். அதனைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தால் ஒருவரும் குடிக்க ஒருப்படார்.

கறுத்து நுரைத்த எண்ணெயில் மீண்டும் மீண்டும் பொரித்தல் கூடாது. நேற்றைய எண்ணெயோடு புதிய எண்ணெயைக் கலந்துவிட்டாற் பழையது புதியதாகாது. புதியதே விரைவிற் கெடும்.

எவ்வகைக் கொழுப்பு

கொழுப்பமிலங்களை நிரம்பியவை, நிரம்பாதவை என இரு பிரிவாக வகுப்பர். தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு 90 பங்களவு நிரம்பியவை. நெய்யிலும் பாம் எண்ணெயிலும் அரைப்பங்கும் அதற்கு மேலும் நிரம்பியவை. நல்லெண்ணெயில் நூற்றுக்கு 15 பங்களவே நிரம்பியது. நிரம்பிய கொழுப்பு மிகுமானால் இரத்தத்திற் கொலஸ்திரோல் உயர்கின்றது. தேங்காயெண்ணெய்ப் போத்தலின்மேல் 'கொலஸ்திரோல் அற்றது' என்று அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அது உண்மையே, எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்திரோல் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. உண்ட பின் நம் ஈரல் என்ன செய்கின்றதென்பதை அவ்வாசகம் கூறுவதில்லை.

திரவ எண்ணெயைப் பகுதியாக ஐதரசனேற்றி இறுகச் செய்யும்போது உண்டாகும் திரான்சுக் கொழுப்பு, எல்லாவற்றிலும் தீயது. அதனை உலகிலுள்ள உணவு முழுவதிலிருந்தும் 2023 ஆம் ஆண்டளவில் நீக்கிவிட வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2018 இல் அறைகூவல் விடுத்தது. பொதிகளின்மேல் 'பகுதி ஐதரசனேற்றிய தாவரக் கொழுப்பு' என்றிருப்பின் அதனை வாங்காது விடுதல் நன்று. நம் நாட்டிற் பொதியுணவுகளின்மேல் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றிற்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறிகள் இடப்படுகின்றன. எழுத்தறியாத முதியவரும் நிறத்தைக் கண்டு தெரிந்துகொள்ளலாம்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

பெற்றோரும் மூன்று பிள்ளைகளுமாக ஐவர் கொண்ட கமக்காரக் குடும்பமொன்று, நாளொன்றிற்கு ஒரு தேங்காயும் நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெயும் செலவிடுகின்றதெனக் கொள்வோம். தேங்காயிற் பாதி சம்பலுக்கும் பாதி சொதிக்கும் போகின்றது. சக்கையில் தங்குவதைக் கழித்தால் 100 கிராம் அளவு கொழுப்பு உணவிற் சேரும். தலைக்கு 20 கிராம். நல்லெண்ணெயால் தலைக்கு 11 கிராம். சோற்றிலும் பருப்பிலும் 3, மீனில் 5, தேநீரிற் சேர்த்த பாலில் 4. ஆக 43 கிராம், 387 கலோரி.

வளர்ந்தோர் உணவின் சக்தியிற் குறைந்தது நூற்றுக்கு 15 பங்கும், கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்கள் 20 பங்கும் கொழுப்பிலிருந்து பெற வேண்டுமென்பது 2008 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழுவின் கருத்து. 30 பங்கிற்கு மேற்படலாகாதென உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவுறுத்தியது. நாளொன்றிற்கு 2,100 கலோரி வேண்டும் தாய்க்கு 20 பங்கென்பது 47 கிராம். மேற்படி குடும்பத்திற் சமமாகப் பங்கிட்டாலும் அவளுக்கு 43 கிராமே கிடைக்கின்றது. சமமாகப் பங்கிடப்படுவதோ அரிது. எல்லோரும் உண்டபின் சட்டியின் அடியில் மிஞ்சிய சொதியோடு உண்பவள் அவளே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது பல வீடுகளில் முதலிற் குறைக்கப்பட்டவை தேங்காயும் முட்டையும் பாலும். அக்குறைப்பு யாருடைய கோப்பையில் முதலில் விழுந்ததென்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இதே உணவையுண்ணும் ஓர் இலிகிதரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 2,000 கலோரி போதும். 30 பங்கென்பது 67 கிராம். வீட்டுணவின் 43 கிராமோடு, 100 கிராம் பொரித்த சீவலைக் கடையிற் கொறித்தாரானால் 78 கிராமாகின்றது. நிரம்பிய கொழுப்பு அவருடைய சக்தியிற் பத்திலொரு பங்கிற்கு, அஃதாவது 22 கிராமிற்கு, மேற்படலாகாது. தேங்காயிலிருந்து மட்டும் 18 கிராம் கிடைத்துவிடுகின்றது. பாலும் பிறவும் சேர எல்லையைத் தொட்டுவிடும். தாளிப்பதற்கும் பொரிப்பதற்கும் தேங்காயெண்ணெயையே பாவித்தால் எல்லை நிச்சயமாகக் கடக்கும். ஆகையால், கறிக்குத் தேங்காய், தாளிதத்திற்கு நல்லெண்ணெய் என வகுத்துக்கொள்ளும் வீட்டில் தேங்காயைப் பழிக்க வேண்டிய அவசியம் எழாது. வயலில் மண்வெட்டி பிடிப்பவருக்கு இன்னும் கூடிய இடமுண்டு.

சிறு குழந்தைகள்

தாய்ப்பாலின் சக்தியில் ஏறத்தாழ அரைப்பங்கு கொழுப்பிலிருந்தே கிடைக்கின்றது. ஆறு மாதம் நிறைந்து மேலதிக உணவு தொடங்கும்போது, அக்குழந்தையை நீர்த்த அரிசிக் கஞ்சிக்கு மாற்றினால், கொழுப்பு திடீரெனக் குறைந்துவிடுகின்றது. அதன் வயிறோ அதன் கைப்பிடியளவு. வயிறு நிறையும், சக்தி போதாது. கஞ்சியையே கூட்டிக் கொடுப்பதாற் பயனில்லை. கெட்டியாகக் குழைத்த சோற்றோடு பருப்பும் கீரையும் மசித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ கட்டியான தேங்காய்ப்பாலோ சேர்க்க வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய், உணவின் அளவைப் பெருக்காமலே 40 கலோரியைக் கூட்டுகின்றது. இரண்டு வயதிற்குட்பட்ட பிள்ளைக்குக் கொழுப்பைக் குறைத்த பாலோ உணவோ கொடுக்கலாகாது. பெரியவர்களுக்காகச் சொல்லப்படும் கட்டுப்பாடுகளைத் தொட்டிலுக்கும் விரிப்பது ஆபத்தானது. நிறை அட்டையிற் கோடு ஏறாது நின்றால், குடும்பநல உத்தியோகத்தரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும்.

எண்ணெயைப் பேணுதல்

வெளிச்சம், வெப்பம், காற்று, ஈரம் ஆகிய நான்கும் எண்ணெயைக் காறச் செய்வன. அடுப்பருகே திறந்த போத்தலில் வைத்தல் கூடாது. நிறமூட்டிய போத்தலிலோ மூடியுள்ள மட்பாத்திரத்திலோ, கழுத்துவரை நிரப்பி, இருண்ட இடத்தில் வைக்க வேண்டும். பழைய எண்ணெய் ஒட்டியிருக்கும் போத்தலிற் புதிய எண்ணெயை ஊற்றுமுன், அதனைச் சவர்க்கார நீராற் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்திக்கொள்க. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை இரண்டு மூன்று நாட்கள் அசையாது வைத்து, அடியில் மண்டி படிந்தபின் தெளிந்ததை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். எள்ளை எண்ணெயாக்கி வைப்பதிலும் பார்க்க, உலர்ந்த எள்ளாகவே வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதங்களுக்கு வேண்டியதை அவ்வப்போது ஆட்டிக்கொள்ளுதல் நன்று.